கரியின் கணக்கில் எழுதுவதற்கு முன்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிள்ளைகள் வீடு தேடி வருகிறார்கள். "சார், கரியில சாயம் எடுக்கிற புராஜெக்ட் பண்றோம், கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்கிறார்கள். செலவு குறைவு, பெரிய கருவி வேண்டாம், முடிவும் கண்ணுக்குத் தெரிகிறது. நீலத் தண்ணீரில் கரித்தூளைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் வெளுத்துவிடுகிறது. அதனாலேயே பலரும் இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள். அதனாலேயே பலரும் தவறி விழுகிறார்கள்.

இந்தச் சோதனையில் கரியில் ஒட்டியதை யாரும் அளப்பதில்லை. கரைசலில் மிஞ்சியதைத்தான் அளக்கிறோம். போட்டதிலிருந்து மிஞ்சியதைக் கழித்து, குறைந்தது அத்தனையையும் கரியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தொட்டியில் கீறல் விட்டுத் தண்ணீர் கசிந்திருந்தாலும் மாடு குடித்துவிட்டது என்று எழுதுவது போலத்தான் இது. நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

1. பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போல ஒன்று இன்னொன்றின் உடம்பு முழுக்கப் பரவினால் அது உறிஞ்சுதல். திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் வந்து சேர்ந்தால் அது பரப்புக் கவர்ச்சி. இதற்கென்று தனிச் சொல்லை 1881-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் கெய்சர். நிகழ்வு அதைவிடப் பழையது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டோபியாஸ் லோவிட்ஸ் 1785-இலேயே டார்டாரிக் அமிலக் கரைசலின் பழுப்பு நிறத்தைக் கரித்தூள் எடுத்துவிடுவதைக் கண்டார்.

2. கரியின் பரப்பை மனக்கண்ணில் காணப் பழகுங்கள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட், கால் ஏக்கர். தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தும்போது உள்ளே குடையப்படும் துளைகள்தான் அந்தக் கால் ஏக்கர். ஆனால் அதில் எல்லோரும் நடமாட முடியாது. தொட்டிக்கரியின் துளைகளில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை. பரப்பை அளக்கப் பயன்படும் நைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது, எந்தச் சந்திலும் புகுந்துவிடும். மெத்திலீன் புளூ ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர் நீளமான தட்டை மூலக்கூறு. அதற்குப் பல சந்துகள் அடைபட்ட வழிதான். அயோடின் எண் உயர்ந்த கரி என்றால் சிறிய மூலக்கூறுகளை நிறையப் பிடிக்கும் கரி என்று பொருள். சாயத்தையும் அதே அளவு பிடிக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

3. தண்ணீரை மறக்காதீர்கள். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். வாயுவைக் கரி பிடிக்கும்போது வெற்றிடத்தில் இடம் பிடித்தால் போதும். கரைசலில் அப்படி இல்லை. கரியின் ஒவ்வோர் அங்குலத்திலும் ஏற்கெனவே தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. சாயம் ஒட்ட வேண்டுமானால் தண்ணீரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும். கரைப்பானை விட்டு வரவும் அதற்கு மனம் இருக்க வேண்டும். தண்ணீரோடு நன்றாகக் கலந்து உறவாடும் பொருள் கரிக்கு எளிதில் வராது. தண்ணீரில் அரைமனதாகக் கரைந்திருப்பது சட்டென்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபார்மிக், அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று நான்கு அமிலங்களை ஒரே செறிவில் தண்ணீரில் கரைத்து, ஒரே எடை கரியோடு குலுக்கிப் பாருங்கள். கார்பன் சங்கிலி நீள நீள, கரியில் ஒட்டுவது கூடிக்கொண்டே போகும். டிராப் விதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். கரிக்குப் பதிலாக சிலிகா ஜெல்லையும் தண்ணீருக்குப் பதிலாக டொலுயீனையும் வைத்தால் வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். அமிலங்கள் மாறவில்லை, அவற்றைச் சுற்றி இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். எனவே "இந்தப் பொருள் நன்றாக ஒட்டும்" என்று தனியாகச் சொல்லாதீர்கள். எந்தப் பரப்பில், எந்தக் கரைப்பானிலிருந்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல மாத்திரைகளை அது பிடித்துக்கொள்ளும். சாராயத்தையும் லித்தியம் உப்பையும் பிடிக்காது. காரணம் இதுதான்.

4. கரி போடாத குடுவை ஒன்று எப்போதும் கூடவே குலுங்கட்டும். ஒரு மாணவி நிலக்கடலைத் தொலியைக் கரியாக்கி, மெத்திலீன் புளூவை வைத்து மூன்று மாதம் வேலை செய்திருந்தாள். எண்கள் பிரமாதமாக இருந்தன. கரியின் அளவைப் பாதியாக்கினாலும் சாயம் பெரிதாக மிஞ்சவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. "கரி போடாத குழாய் எங்கம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். அதே பிளாஸ்டிக் குழாயில் வெறும் சாயக் கரைசலை ஊற்றி ஒரு நாள் ஷேக்கரில் விட்டோம். மறுநாள் அளவு குறைந்திருந்தது. கரைசலைக் கொட்டிவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது உட்சுவர் முழுக்க மெல்லிய நீலப் படலம். தண்ணீர் விட்டு அலசினால் போகவில்லை. ஆல்கஹால் ஊற்றியதும் கரைந்து வந்தது. குழாய் பிடித்ததும் கரியின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அவள் அழவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். இரண்டாவது அறிக்கையில் எண்கள் சிறியவை, ஆனால் உண்மையானவை. மெத்திலீன் புளூ கண்ணாடியிலும் ஒட்டும். எந்தப் பாத்திரமானாலும் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

5. பில்டர் பேப்பரும் ஒரு பரப்புதான். வடிகட்டியதில் முதலில் இறங்கும் சில மில்லிலிட்டரை எடுக்கக் கூடாது என்று எங்கள் ஆய்வகக் கையேட்டில் இருந்தது. மாணவனாக இருந்தபோது அசெட்டிக் அமிலச் சோதனையில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. செறிவு குறைந்த குடுவைகளில் என் புள்ளிகள் கோட்டை விட்டு விலகின. காரணம் புரியப் பல நாள் ஆனது. தாள் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு இறங்குவதுதான் உங்கள் கரைசல். சாயங்களுக்குத் தாளையே தவிர்த்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிடுவது மேல்.

சுற்றிய பிறகும் நுண்ணிய கரித்துகள் மேலே மிதக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒளியை மறிக்கும். மெத்திலீன் புளூவை 664 நானோமீட்டரில் அளக்கிறீர்கள் அல்லவா, அதே கரைசலை 800-லும் ஒரு முறை பாருங்கள். அங்கே அந்தச் சாயத்துக்கு வேலையே இல்லை. அங்கும் கருவி ஏதாவது காட்டினால் அது கரித்தூள் காட்டுவது. இன்னொரு முறை சுற்றுங்கள்.

6. அடர்த்தியான நீலத்தை அப்படியே கருவியில் வைக்காதீர்கள். செறிவு கூடும்போது மெத்திலீன் புளூ மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொள்ளும், கேலிப்ரேஷன் கோடு வளையும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் வரும்படி நீர்த்து அளந்து, பெருக்கிக்கொள்ளுங்கள்.

7. கரியைக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். தொட்டிக்கரியில் பொட்டாசியம் மிகுந்த சாம்பல் இருக்கும். கழுவாமல் போட்டால் கரைசலின் பி.எச். தானாக ஏறிவிடும். நீங்கள் 6 என்று எழுதியிருப்பீர்கள், குடுவைக்குள் 9 இருக்கும். தொடக்கத்தில் மட்டுமல்ல, குலுக்கி முடிந்த பிறகும் பி.எச். பார்த்து இரண்டையும் எழுதுங்கள். காற்றின் ஈரத்தையும் கரி வாங்கும். 110 டிகிரியில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போட்டால்தான் ஒரு கிராம் என்பது ஒரு கிராம்.

8. பி.எச். என்பது அட்டவணையில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் அல்ல. பரப்பில் எந்த மின்சுமை நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஒவ்வொரு பரப்புக்கும் அதன் மின்சுமை பூஜ்ஜியமாகும் ஒரு பி.எச். உண்டு. சிலிகாவுக்கு அது 2, 3 அளவில், அலுமினாவுக்கு 8, 9 அளவில். அதற்குக் கீழே பரப்பு நேர்மின், மேலே எதிர்மின். ஃப்ளோரைடை எடுக்க அலுமினா வைத்தால், தண்ணீரைச் சற்று அமிலப் பக்கம், பி.எச். 5, 6 அளவுக்குக் கொண்டுவருவது இதனால்தான். நேர்மின் பரப்பு எதிர்மின் ஃப்ளோரைடை இழுக்கிறது.

உலோகங்களில் ஒரு படுகுழி இருக்கிறது. பி.எச். கூடக் கூடத் தாமிரம் மேலும் மேலும் "ஒட்டுகிறது" என்று வரைபடம் போட்டுக் கொண்டுவருவார்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாமிரம் இருந்தால் பி.எச். 6-ஐ நெருங்கும்போதே அது ஹைட்ராக்சைடாக வீழ்படிய ஆரம்பித்துவிடும். கரியே வேண்டாம், காரம் ஒன்றே போதும். வீழ்படிவை வடிகட்டிவிட்டு, கரி பிடித்தது என்று எழுதக் கூடாது. நான்காவது அறிவுரையில் சொன்ன கரி போடாத குடுவை இங்கேயும் உங்களைக் காப்பாற்றும்.

9. கழித்தல் கணக்கில் கவனம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசல் 50 மில்லிலிட்டர், கரி 0.1 கிராம். மிஞ்சியது 98 என்று வந்தால் கரி கிராமுக்கு 1 மில்லிகிராம் பிடித்ததாகக் கணக்கு. ஒவ்வோர் அளவையிலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் முன்பின் இருக்கலாம் என்று வையுங்கள். அப்போது அந்த விடை பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம். மிஞ்சியது 40 என்று வந்தால் விடை 30. அதே பிழை இங்கே 29-க்கும் 31-க்கும் இடையில் அடங்கிவிடும். கரியின் அளவை மாற்றி, குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது குறையும்படி சோதனையை அமையுங்கள். இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தில் வீடு கட்டாதீர்கள்.

10. சமநிலைக்குக் காத்திருங்கள். தூளுக்குச் சில மணி நேரம் போதலாம், குருணைக்கு ஒரு நாளும் போதாமல் போகலாம். அடுத்தடுத்து மூன்று முறை அளந்தும் எண் மாறாதபோது நிறுத்துங்கள்.

11. ஐசோதெர்ம் கோடு, அதாவது ஒரே வெப்பநிலையில் மிஞ்சிய செறிவுக்கு எதிராக ஒட்டிய அளவை வரையும் கோடு, ஒரு சமன்பாட்டுக்குப் பொருந்துவதால் மட்டும் கதை நிரூபணமாகாது. கரைசல்களில் பரப்புக் கவர்ச்சியை விரிவாக ஆராய்ந்து, நாம் இன்றும் பயன்படுத்தும் படிச்சமன்பாட்டை நிலைநிறுத்தியவர் ஃபிராய்ன்ட்லிஷ், 1906 வாக்கில். லாங்மியூர் தம் சமன்பாட்டைத் தந்தது 1916-18 ஆண்டுகளில். மின்விளக்குக்குள் வாயுக்கள் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சியில் ஊறியவர் அவர். வாயுவுக்காக, எல்லா இடங்களும் ஒரே தரம், ஓரிடத்தில் ஒருவர்தான், பக்கத்து இடத்தோடு பேச்சு இல்லை என்ற நிபந்தனைகளோடு எழுதினார். நாம் அதைக் கரைசலுக்குக் கடன் வாங்கினோம். தொட்டிக்கரியில் இடங்கள் ஒரே தரமாக இருப்பதற்கு வாய்ப்பே குறைவு. கோடு பொருந்துகிறது என்றால் அந்தச் செறிவு எல்லைக்குள் அந்தச் சமன்பாடு எண்களைத் தொகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். "எனவே ஒற்றை அடுக்கு" என்று அடுத்த வரி எழுதாதீர்கள்.

ஆர்-ஸ்கொயர் 0.999 என்று துள்ளிக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்கோடாக்க, செறிவை ஒட்டிய அளவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராகவே வரைகிறீர்கள். வேகத்துக்கு நேரத்தை ஒட்டிய அளவால் வகுத்து, நேரத்துக்கு எதிராக வரைகிறீர்கள். இரண்டு அச்சிலும் ஒரே ஆள் நிற்கும்போது கோடு நேராகத்தான் வரும். வளைகோட்டை வளைகோடாகவே பொருத்துங்கள். இப்போது எந்தக் கணினியும் அதைச் செய்யும். பொருத்திய பிறகு, புள்ளிகள் கோட்டை விட்டு எந்தப் பக்கம் விலகுகின்றன என்று பாருங்கள். ஒரு பக்கமாகவே விலகினால் சமன்பாடு தவறு.

1960-இல் கைல்ஸும் அவர் கூட்டாளிகளும் இந்தக் கோடுகளைத் தொடக்க வளைவை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். சமன்பாட்டைத் தேடுமுன் உங்கள் கோடு அதில் எந்த வகை என்று கண்ணால் பாருங்கள். ஆரம்பத்தில் மேல்நோக்கிக் குழிந்திருந்தால், முதலில் ஒட்டியவர்கள் அடுத்தவர்களை அழைக்கிறார்கள், அல்லது தண்ணீர் பலமாகப் போட்டி போடுகிறது. அந்தச் செய்தி எந்த ஆர்-ஸ்கொயரிலும் இல்லை.

12. அலகை மாற்றாமல் வெப்ப இயக்கவியலுக்குப் போகாதீர்கள். மெத்திலீன் புளூவுக்கு லாங்மியூர் மாறிலி, மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். அப்படியே மடக்கை எடுத்தால் 25 டிகிரியில் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு ப்ளஸ் 5.7 கிலோஜூல். அதையே மோலுக்கு லிட்டராக மாற்றினால் மாறிலி சுமார் 32,000. இப்போது விடை மைனஸ் 25.7. ஒரே சோதனை, ஒரே கரி, ஒரு கணக்கில் தானாக நடக்கும், மறு கணக்கில் தானாக நடக்காது! அச்சான கட்டுரைகளிலும் இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். எந்த அலகில், எந்தத் திட்டநிலையில் என்று எழுதாத எண்ணை நம்பவும் வேண்டாம், நகலெடுக்கவும் வேண்டாம்.

13. இலைத்தூள், விதைத்தூள் கொண்டு வருபவர்களுக்கு. சுடாத தூளிலிருந்து அதன் சொந்த நிறமும் டேனினும் தண்ணீரில் இறங்கும். தூளையும் வெறும் தண்ணீரையும் மட்டும் குலுக்கி அளந்து கழித்துக்கொள்ளுங்கள். தேற்றாங்கொட்டையைப் பலரும் விரும்பி எடுக்கிறார்கள். கலங்கல் தண்ணீர் வைத்த பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துத் தெளியவைத்தது நம் வீட்டுப் பழக்கம். ஆனால் அங்கே நடப்பது வேறு. கொட்டையின் நீண்ட மூலக்கூறுகள் களிமண் துகள்களில் ஒட்டி, ஒன்றோடொன்றைப் பிணைத்துக் கனமாக்கிக் கீழே இறக்குகின்றன. கலங்கலைத் தெளிய வைக்கும் என்பதால் கரைந்த சாயத்தையும் எடுக்கும் என்று முடிவு கட்டக் கூடாது.

14. அறிக்கையின் முதல் பக்கத்தில் திருப்பூர் என்று எழுதுமுன் திருப்பூரைத் தெரிந்துகொள்ளுங்கள். நொய்யல் ஆறு பாழானது, ஒரத்துப்பாளையம் அணை நீர் விவசாயிகளுக்கு உதவாமல் போனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் உண்மை. பக்கம் பக்கமாக அதை எழுதிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் மெத்திலீன் புளூவை எடுக்கிறார்கள். பருத்திப் பின்னலாடைக்கு அங்கே போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். தண்ணீரில் அவை எதிர்மின், மெத்திலீன் புளூவோ நேர்மின். ரியாக்டிவ் பிளாக் 5 அதைப் போல மூன்று மடங்கு கனமான மூலக்கூறு, தொட்டிக்கரியின் குறுகிய சந்துகளில் நுழையவே சிரமப்படும். சாயத்தொட்டியில் உப்பும் அள்ளிப் போட்டிருப்பார்கள். நொய்யலைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு பெரிது. கரைந்த உப்பை எந்தக் கரியும் எடுக்காது.

மெத்திலீன் புளூவை விட்டுவிடச் சொல்லவில்லை. கைப்பழக்கத்துக்கு அது மிக நல்ல பொருள். ஆனால் திருப்பூருக்காக என்று சொன்னால், திருப்பூர்ச் சாயத்தில், அந்த உப்போடு ஒரு குடுவையாவது செய்து காட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஃப்ளோரைடு வடிகட்டி செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் அலுமினா அழகாக வேலை செய்யும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் போட்டிக்கு நிற்கும், பி.எச்.-ஐயும் இறங்க விடாது. ஐந்து லிட்டர் கேனோடு பஸ் ஏறிப் போய் அந்தத் தண்ணீரையே கொண்டுவாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது இந்தியத் தரம். அந்த வரம்புக்குக் கீழே அதே தண்ணீரைக் கொண்டுவந்தீர்களா என்பதுதான் கேள்வி.

15. கடைசியாக, குலுக்கி முடித்த கரியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். சாயம் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் போட்டு, என்ன சாயம், எவ்வளவு கரி, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டி வையுங்கள். அதில் ஒரு பகுதியை எடுத்து, சிறிது அமிலம் கலந்த ஆல்கஹாலில் குலுக்கி, திரும்பி வரும் சாயத்தை அளந்து பாருங்கள். முழுவதும் வராது, குறுகிய சந்துகளுக்குள் போனது எளிதில் வெளியே வராது. ஆனால் வந்த அளவு, கரியில் இருந்தது என்று நீங்கள் கழித்துச் சொன்னதல்ல, எடுத்துக் கண்டது. உங்கள் அட்டவணையில் அந்த எண்ணுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள்.